மா விவசாயிகள் சங்கம் ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

"இன்னாப்பா, சங்கம் வெச்சா காய் கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏறுமா?"

எங்கள் ஊரில் முதல் கூட்டம் போட்ட அன்றைக்குக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டது இது. நான் இருந்த வேகத்தில் "ஏறும் தாத்தா, கண்டிப்பா ஏறும்" என்று சொல்லிவிட்டேன். ஏறவில்லை. அந்த வருஷம் இறங்கத்தான் செய்தது. அவர் இன்றைக்கும் என்னைச் சந்தையில் பார்த்தால் "எங்கடா என் ரெண்டு ரூபா?" என்று கையை நீட்டுகிறார். அதனால் சங்கம் ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்கிற முதல் விஷயம், முதல் கூட்டத்தில் விலையைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். விலையைச் சங்கம் நிர்ணயிப்பதில்லை. எடை, கழிவு என்று பிடிக்கிற கிலோ, பணம் வரும் தேதி, காய் வாங்காமல் திருப்பி அனுப்புவது, இதையெல்லாம் சங்கம் தட்டிக் கேட்கலாம், அதில் மிச்சமாகும் காசு சில வருஷம் அந்த ரெண்டு ரூபாயைவிடப் பெரிசாகவே இருக்கும்.

நாங்கள் இருப்பது வேப்பனப்பள்ளிப் பக்கம். வண்டியை எடுத்தால் டீ ஆறுவதற்குள் ஆந்திரா, இன்னொரு பக்கம் திரும்பினால் கர்நாடகா. தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கும், காய் பாதி கிருஷ்ணகிரியில் விற்கும், மீதி எல்லை தாண்டி சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும். வீட்டில் தமிழ், பக்கத்துத் தோட்டத்தில் தெலுங்கு, மண்டியில் ரெண்டும் கலந்த ஒரு பாஷை. இங்கே முக்கால்வாசி மரம் பெங்களூராதான். ஆந்திராக்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள், நம் ஆட்கள் சிலர் கிளிமூக்கு என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். அல்போன்சா, செந்தூரா, நீலம் எல்லாம் சாப்பிடவும் போகிற காய், எங்கேயாவது விற்றுவிடும். பெங்களூரா அப்படியில்லை, ஆலைக்காரன் வேண்டாம் என்றால் அன்றைக்கு அதற்குப் போக்கிடம் கிடையாது. எங்கள் சங்கம் பிறந்ததே அந்த ஒரு காரணத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கமா, கம்பெனியா?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், நாங்களும் குழம்பினோம். பேசுவதற்கு ஒரு அமைப்பு வேண்டும், விற்பதற்கு ஒரு அமைப்பு வேண்டும், ரெண்டும் ஒன்றில்லை. ரெண்டையும் ஒரே பெயரில் போட்டுக் கட்டினால், வியாபாரத்தில் ஒரு லோடு நஷ்டமான அன்றைக்கே சங்கமும் உடைந்துவிடும்.

பேசுவதற்கு, அதாவது கலெக்டரிடம் மனுக் கொடுக்க, ஆலைக்காரர்களோடு உட்கார்ந்து பேச, பூச்சி மருந்து பற்றிப் பயிற்சி நடத்த, இதற்கெல்லாம் சாதாரணச் சங்கம் போதும். தமிழ்நாட்டில் 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம், ஏழு பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம். குப்பம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால், அவர்களுக்கு 2001ல் வந்த ஆந்திராச் சட்டம், அங்கேயும் ஏழு பேர்தான்.

காயை வாங்கி விற்க, பெட்டி போட, கடன் வாங்க, மருந்துக் கடை நடத்த என்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். இதற்குக் குறைந்தது பத்து விவசாயிகள், ஐந்து இயக்குநர்கள். நிறைய பங்கு வைத்திருக்கிறவனுக்கும் ஒரு ஓட்டு, ஒரே ஒரு பங்கு வைத்திருக்கிறவனுக்கும் ஒரு ஓட்டு என்பதுதான் மற்றக் கம்பெனிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். 2020ல் மத்திய அரசு பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று ஆரம்பித்த திட்டத்தில், சமவெளியில் 300 விவசாயிகள் சேர்ந்தால் உதவித்தொகை, ஒவ்வொருவரும் போடும் பங்குக்கு 2,000 ரூபாய் வரை சமமான தொகை, மொத்தம் 15 லட்சம் வரை என்றெல்லாம் இருந்தது. அந்தப் பணத்தைப் பார்த்து அவசரப்பட்டுக் கம்பெனி தொடங்கி, அரசு உதவியில் வந்த மேனேஜர் சம்பளம் நின்ற வருஷமே ஷட்டரை இறக்கிய அமைப்புகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் சங்கம் வையுங்கள், ரெண்டு சீசன் ஒருத்தரையொருத்தர் நம்ப முடிகிறதா என்று பாருங்கள், அப்புறம் கம்பெனி.

இது ஒன்றும் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மகாராஷ்டிராவில் திராட்சைக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள். புனேயில் அவர்களுக்கு ஒரு பெரிய சங்கம் பல காலமாக இருக்கிறது. அது பேசும், கருத்தரங்கு நடத்தும், ஆராய்ச்சிக்குக் காசு போடும். ஏற்றுமதிக்கு என்று 1991ல் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து மகாகிரேப்ஸ் என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். இது தனி, அது தனி.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. கலிஃபோர்னியாவில் 1890கள் வாக்கில் ஆரஞ்சு விவசாயிகள் கமிஷன் வியாபாரிகளிடம் பழத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். திரும்பி வருவது பணம் இல்லை, பில். ரயில் கூலி, கமிஷன், அழுகல் எல்லாம் கழித்தது போக "நீங்கள்தான் எங்களுக்கு இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதியிருக்கும். சிவப்பு மையில் கணக்கு வந்த வருஷங்கள் என்றே அவற்றைச் சொல்வார்களாம். அந்த வயிற்றெரிச்சலில் 1893ல் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். 1905ல் அது கலிஃபோர்னியா பழ விவசாயிகளின் எக்ஸ்சேஞ்ச் ஆனது. 1907ல் அயோவா என்கிற ஒரே ஒரு மாநிலத்தில் மட்டும், ரயில்வேக்காரனையும் செலவில் பங்கு போடவைத்து, ஆரஞ்சு சாப்பிடுங்கள் என்று விளம்பரம் செய்து பார்த்தார்கள், விற்பனை எகிறியது. அடுத்த வருஷமே சன்கிஸ்ட் என்ற பெயர் வந்துவிட்டது. நம் மண்டிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் அந்த ஆரஞ்சு விவசாயி வேற்றாளாகத் தெரிய மாட்டான்.

யார் உறுப்பினர்?

இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் மூன்று வாரம் சண்டை போட்டோம். நீங்களும் போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் போட்டு முடித்துவிடுங்கள்.

பிரச்சனை என்னவென்றால், மா விவசாயத்தில் "விவசாயி" என்பவன் யார் என்பதே தெளிவாக இருக்காது. ஒருத்தர் பெயரில் நிலம் இருக்கும், அவர் பெங்களூரில் இருப்பார். பூவிலேயே தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பார். குத்தகை எடுத்தவர் மருந்து அடித்து, காவல் வைத்து, காயைப் பறித்து விற்பார், அவரே பக்கத்து டவுனில் மண்டியும் வைத்திருப்பார். அவர் சங்கத்துக்குள் வந்தால் யார் பக்கம் பேசுவார்? விலை குறைந்தால் குத்தகைக்காரராக அழுவார், மண்டிக்காரராகச் சிரிப்பார். அதே சமயம் அவரை வெளியே தள்ளினால், ஊரில் பாதிக் காய் அவர் கையில்தான் இருக்கிறது, அந்தக் கணக்கு நமக்குக் கிடைக்காது.

கடைசியில் இப்படி முடித்தோம். சிட்டா அடங்கலில் பெயர் இருக்கிறவர், அல்லது அந்தக் குடும்பத்தில் தோட்டத்தை நேரில் பார்த்துக்கொள்கிறவர், இவர்களுக்கு ஓட்டு. அந்த ரெண்டாவது வரி ரொம்ப முக்கியம். எங்கள் ஊரில் பல தோட்டங்கள் பெரியப்பா, தாத்தா பெயரில்தான் இன்னமும் இருக்கின்றன, நிலம் பங்கு பிரியவே இல்லை. வேலை செய்வதெல்லாம் மருமகளும் சின்ன மகனும். பட்டா இருந்தால்தான் உறுப்பினர் என்று எழுதியிருந்தால், முதல் கூட்டத்துக்கு வந்த பதினொரு பெண்களில் ஒன்பது பேர் வெளியே போயிருப்பார்கள். குத்தகைக்காரர்களுக்கு இணை உறுப்பினர் என்று ஒரு இடம். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஓட்டுக் கிடையாது, பொறுப்பும் கிடையாது. மண்டி, ஆலை, மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் தோட்டம் வைத்திருந்தாலும் செயற்குழுவில் நிற்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்காக எனக்குச் சொந்த மாமாவோடு ஆறு மாதம் பேச்சு இல்லாமல் போனது, பரவாயில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களைச் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். ஒரே சங்கமாகப் போடாதீர்கள் என்பதுதான் என் அனுபவம். அவர்களுடைய கலெக்டர் வேறு, மானியம் வேறு, நம்முடைய சிட்டாவுக்கு அங்கே பட்டாதார் பாஸ்புக், 1பி என்று காகிதமே வேறு. ரெண்டு சங்கமாக வைத்துக்கொண்டு, சீசனில் வாரம் ஒருமுறை ரெண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் உட்கார்ந்து பேசினால் போதும். நோட்டீஸ் மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் போடுங்கள். இந்தப் பக்கத்திலேயே தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். "நமக்குப் புரியாம எதுவோ எழுதிட்டானுங்க" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அணைக்க முடியாது.

பதிவு

இது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகம். நோக்கங்கள் என்ன என்று ஒரு குறிப்பு, துணை விதிகள், ஏழு பேர் கையெழுத்து, அடையாளச் சான்று, அலுவலகம் என்று காட்டும் இடத்துக்கு ஒரு சான்று, கட்டணம். பெயரில் அரசாங்கத்தைச் சேர்ந்தது போலத் தோன்றும் வார்த்தை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயர் மாதிரி இருந்தாலும் அப்படித்தான். எங்களுக்கு ஒருமுறை பெயரால் திரும்பி வந்தது. இருபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டாலோ, வருஷ வரவோ செலவோ பத்தாயிரத்தைத் தாண்டினாலோ பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், "சும்மா ஊர்ச் சங்கம்தானே" என்று விட முடியாது.

துணை விதியை இன்னொரு சங்கத்திடம் வாங்கி அப்படியே டைப் அடிக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த மாதிரியில் "விளையாட்டுப் போட்டிகள் நடத்துதல்" என்று ஒரு நோக்கம் இருந்தது, கவனிக்காமல் சேர்த்துவிட்டோம், இன்னமும் இருக்கிறது. பொங்கலுக்குக் கபடி நடத்திச் சமாளிக்கிறோம். செயற்குழுவின் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. வருஷம் ஒரு பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது, இந்த மூன்றையும் விட்டால் அபராதத்தில் தொடங்கிப் பதிவு ரத்தாவது வரை போகும். ஊரில் இருக்கும் சங்கப் போர்டுகளில் பாதி இப்படி உயிர் போன போர்டுகள்தான்.

பணம் பற்றி ஒரே ஒரு விஷயம். சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு. பொருளாளர் தன் ஜி-பேயில் சந்தா வாங்கக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். எங்கள் பொருளாளர் தங்கமான மனுஷன், ஆனால் அவர் போனில் வந்த சந்தாவும் அவர் பால் காசும் கலந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாங்கள் பிரித்தோம்.

முதல் வேலை: எடை

சங்கம் ஆரம்பித்ததும் மாநாடு, ஊர்வலம், போஸ்டர் என்று போகாதீர்கள். சின்னதாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஜெயிக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது எடை.

ஒரு ஜூன் மாதம் என் காய் ஒரு லோடு போனது. கிளம்புவதற்கு முன்னால் எங்கள் ரோட்டில் இருக்கும் எடை மேடையில் ஏற்றினேன், வண்டி எடை போகக் காய் மட்டும் 4,120 கிலோ. மண்டியில் கொடுத்த சீட்டில் 3,890. நடுவில் ஒரு மணி நேரப் பயணம், தார்ப்பாய் கட்டியிருந்தது. "காய் பால் வடிஞ்சு எடை கொறையும்பா, புதுசா வியாபாரம் பண்றியா?" என்று சிரித்தார்கள். 230 கிலோ. கிலோ 14 ரூபாய் என்று வைத்தாலும் 3,220 ரூபாய். அவ்வளவு பால் வடிந்திருந்தால் வண்டிக்குக் கீழே குட்டையே கட்டியிருக்கும். இதற்கு மேல் கழிவு என்று நூற்றுக்கு இத்தனை கிலோ தனியாகப் பிடிப்பார்கள், அது வேற.

அன்றைக்கு ராத்திரி சங்கத்து வாட்ஸ்அப்பில் நான் கொதித்து எழுதியதற்கு ஆளாளுக்கு "எனக்கும்தான்", "எனக்கும்தான்" என்று போட்டார்கள். மறியல் பண்ணலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். எங்கள் தலைவர் அம்மா, அவர் முன்னாள் அங்கன்வாடி டீச்சர், ஒரே வார்த்தை சொன்னார்: "எழுதிட்டுப் பேசுங்க." ஐந்து பேர், பத்து நாள். யார் லோடு போனாலும் அதே எடை மேடையில் ஏற்றி, சீட்டு வாங்கி, மண்டிச் சீட்டோடு சேர்த்து ஒரு நோட்டில் ஒட்டவேண்டும். பதினேழு லோடு சேர்ந்தது. பதினேழிலும் குறைவு. ஒன்றில்கூட அதிகம் இல்லை. தராசு ரிப்பேர் என்றால் ஒரு தடவையாவது அது நம் பக்கம் சாயவேண்டாமா?

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஏழு பேர் போனோம். கூச்சல் போடவில்லை. மண்டிக்காரர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார், டீ சொன்னார், அப்புறம் தராசைப் பார்க்கலாமா என்று நாங்கள் கேட்டோம். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடவேண்டும், அந்தச் சான்றிதழை எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டி வைக்கவேண்டும். அங்கே மாட்டியிருந்தது ரெண்டு வருஷம் பழசு. தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்களுடையது, அங்கே மனுக் கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்தது. மனுவே கொடுக்கவில்லை. அடுத்த வாரம் தராசு மாறியது, கழிவும் பாதியானது. அந்த மாதத்தில் மட்டும் எங்கள் சங்கத்தில் நாற்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

விலை நோட்டு

எடை நோட்டு வேலை செய்ததைப் பார்த்ததும் அதையே பெரிதாக்கினோம். சீசன் முழுக்க, ஒவ்வொரு உறுப்பினரும் விற்ற லோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தேதி, ரகம், எந்த ஊர், பேசின விலை, கழிவு போகக் கைக்கு வந்த விலை, ஆலை வாசலில் காத்திருந்த மணி நேரம், பணம் வந்த தேதி. யாரிடம் விற்றார் என்ற பெயரை நாங்கள் எழுதுவதில்லை, ஊர் மட்டும்தான். பெயர் எழுத ஆரம்பித்தால் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், வம்பும் வரும்.

இது எதற்கு என்று 2025ல் புரிந்தது. அந்த வருஷம் காய்ப்பு அதிகம், ஆலைகளில் பழைய கூழ் தேங்கிக் கிடந்தது, பெங்களூரா விலை தரையைத் தொட்டது. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோ 12 ரூபாய் கிடைக்கவேண்டும் என்று அறிவித்தது, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய். அதோடு ஜூன் மாதம் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளி மாநிலப் பெங்களூரா வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள், செக்போஸ்ட்டில் ஆள் நிறுத்தினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் விவசாயிக்கு 4 ரூபாய் கொடுக்கும்போது நம் காய் உள்ளே புகுந்தால் யார் சும்மா இருப்பார்கள்? ஆனால் பறித்த காயோடு எல்லையில் நின்றவனுக்கு அந்த நியாயம் எந்த ஆறுதலும் தராது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் கர்நாடகாவுக்கு மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் இரண்டரை லட்சம் டன் வரைக்கும், குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று கணக்கு வைத்து, விலை வித்தியாசத்தைக் கொடுக்க ஒப்புதல் வந்தது.

இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சங்கத்தில் ஒருத்தராவது தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஆதரவு விலை இல்லாத, சீக்கிரம் அழுகும் சரக்குக்கானது இது. முந்தின சாதாரண வருஷத்தைவிட விலை பத்து சதவீதமாவது விழவேண்டும். மாநில அரசு கேட்கவேண்டும், நஷ்டத்தில் பாதியை மாநிலம் ஏற்கவேண்டும். அதாவது நாம் நேராக டெல்லியிடம் கேட்க முடியாது. நாம் கலெக்டரிடம், தோட்டக்கலைத் துறையிடம் சொல்லி, அவர்கள் சென்னைக்கு எழுதி, சென்னை டெல்லிக்கு எழுதவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே கேள்விதான் வரும்: போன வருஷம் என்ன விலை, இந்த வருஷம் என்ன விலை, எவ்வளவு காய்?

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். "விலையே இல்லைங்க ஐயா, வயிறு எரியுது" என்று எழுந்து பேசுகிறவருக்கு "பார்க்கிறோம்" என்று பதில் வரும். எங்கள் தலைவர் அம்மா எழுந்து, எங்கள் ஆட்களுடைய இத்தனை லோடு, போன வருஷம் ஜூன் மூன்றாவது வாரம் சராசரி இவ்வளவு, இந்த வருஷம் அதே வாரம் இவ்வளவு, இத்தனை பேர் காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் டைப் அடித்துக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை அதிகாரி மடித்துப் பைலுக்குள் வைக்கிறார். உடனே பணம் வந்ததா என்று கேட்காதீர்கள். காகிதம் பைலுக்குள் போனது, நான் பார்த்தவரை அதுவே பெரிய விஷயம்.

நோட்டில் பொய் எழுத விடாதீர்கள். எங்களில் ஒருத்தர் பரிதாபம் கிடைக்கட்டும் என்று விலையைக் குறைத்துச் சொல்லியிருந்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே நாள் அதே வாசலில் நின்றவர், சிரித்துக்கொண்டே திருத்தினார். ஒரு வரி பொய் என்று வெளியே தெரிந்தால் மொத்த நோட்டும் குப்பை.

சேர்ந்து செய்தால் மட்டுமே நடக்கிற வேலைகள்

பழ ஈ. இதைவிட நல்ல காரணம் சங்கத்துக்குக் கிடையாது. மீத்தைல் யூஜினால் பொறி வைத்தால் ஆண் ஈ வந்து விழும். நான் மட்டும் என் மூன்று ஏக்கரில் வைத்தால் ஊரிலிருக்கிற ஈயெல்லாம் என் தோட்டத்துக்கு விருந்தாடி வரும், பக்கத்தில் பெட்டை ஈ நிம்மதியாக முட்டை போடும். நாற்பது தோட்டமும் ஒரே வாரத்தில் வைத்து, விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினால் வித்தியாசம் தெரியும். நாங்கள் பொறியை மொத்தமாக வாங்கினோம், கடை விலையைவிட நன்றாகவே குறைந்தது. பொறுக்குகிற வேலையைத்தான் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள், அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

பையூர் ஆராய்ச்சி நிலையமும் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. தனியாளாகப் போய்க் கேட்டால் பதில் சொல்வார்கள், சங்கமாக முப்பது பேர் கூடுகிறோம் என்று கடிதம் கொடுத்தால் தோட்டத்துக்கே வந்து கவாத்து, அதாவது வேண்டாத கிளையை வெட்டுவது, செய்து காட்டுவார்கள். பூ எடுக்கிற சமயத்துக்கு ஒரு மாதம் முன்னால் கூப்பிடுங்கள், தத்துப்பூச்சி வந்தப்புறம் கூப்பிட்டால் மருந்துக் கடைக்காரர் முந்திவிடுவார்.

காயைச் சீக்கிரம் பழுக்கவைக்கப் போடுகிற கார்பைடு கல் விஷயத்திலும் சங்கம் வாய் திறக்கவேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் அது தடை, எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம். கல் போடுவது பெரும்பாலும் விவசாயி இல்லை, ஆனால் டவுனில் ஒரு குடோனில் பிடித்தார்கள் என்று டிவியில் வந்தால் அந்த வாரம் விலை விழுவது நமக்குத்தான்.

கட்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் செயற்குழுவில் மூன்று கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கரை வேட்டி கட்டி வரக்கூடாது என்று தீர்மானமே போட்டிருக்கிறோம். ஆளும் கட்சி மாறினாலும் மனுக் கொடுக்கிற கை மாறாமல் இருக்கவேண்டும், அதற்குத்தான்.

நோட்டு எப்படிப்பட்டது என்று கேட்டு நிறையப் பேர் போன் செய்கிறார்கள், அதனால் கடைசியாக அது. ரூல் போட்ட நீள நோட்டு, 200 பக்கம், கெட்டி அட்டை. இடது பக்கம் கட்டம், வலது பக்கம் சீட்டு ஒட்ட வெறுமையாக விடவேண்டும். ஸ்டேப்ளர் வேண்டாம், துருப்பிடிக்கும், பசை போடுங்கள். மண்டிச் சீட்டு சூட்டில் அச்சாகிற வழவழப்புக் காகிதமாக இருந்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் எழுத்து மறைந்துவிடும், எங்களுக்கு அந்தப் பதினேழில் நான்கு இப்போது வெள்ளைக் காகிதம்தான். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். எழுதுகிற ஆள் செயலாளராக இருக்க வேண்டியதில்லை, சாயங்காலம் ஏழு மணிக்குத் தினமும் வீட்டில் இருக்கிறவராக இருக்கவேண்டும். எங்களுக்கு எழுதுவது அந்த ரெண்டு ரூபாய்த் தாத்தாவின் பேத்தி. பன்னிரண்டாவது படிக்கிறாள், லோடுக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறாள், தாத்தா விலையைக் கூட்டிச் சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டுச் சரியாக எழுதுகிறாள்.